முப்பத்தேழாம் பக்கத்தில் இல்லாத பெயர்

சாமுவேல் அம்மா,

நீங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு, சொன்ன உங்களை விட்டுவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் மேசை போட்டுப் புதுப் புத்தகம் கொடுத்தார்கள். வேதபாட வகுப்புகளில் உவமைகளை எப்படிப் படிப்பது என்று நம் சபையே அச்சடித்த புத்தகம். பச்சை அட்டை. பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. விரித்தால் மைதா மாவும் மையும் கலந்த மணம் வந்தது. எனக்கு அந்த மணம் பிடிக்கும். திருநகர் போகிற பேருந்தில் உட்கார்ந்தவுடன் பிரித்துவிட்டேன்.

முப்பத்தேழாம் பக்கத்தில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். கோதுமையும் களையும் உவமை. களையெடுக்க ஒரு நாள் உண்டு என்று நீங்கள் சொன்னது, கதிர் வாங்கின வயலுக்குள் இறங்கக் கூடாது என்று சொன்னது, தூங்கினது யார் என்று கேட்டது எல்லாம் இருந்தன. ஏறக்குறைய ஒரு பக்கம் முழுக்க உங்கள் வாய்ச்சொல். அதற்கு மேலே ஒரு வரி: ‘எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மூதாட்டி ஒருவர் கூறியதாவது.’

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. முப்பது வருஷம் மற்றவர்களுக்கு நிறுத்தத்தின் பெயரைக் கூவி இறக்கிவிட்டவன் நான்.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை தப்பு. அதைச் சொன்ன அன்றைக்கு உங்களுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊரை விட்டு வந்து ஆரப்பாளையத்தில் குடியேறி வருஷங்கள் ஆகியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரா நீங்கள்? நீங்கள் படித்த விதத்தை நேரில் பார்த்தவன் நான். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆனது எனக்கும் தெரியும். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களை முதலில் என் வண்டியில்தான் பார்த்தேன். கொட்டாம்பட்டித் தடத்தில் நான் நடத்துநராக இருந்த காலம். லாட்ஜில் அறை கூட்டி, படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை உங்களுக்கு. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்த் தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். முன்படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே எழுதியிருந்ததை விரலை அந்தரத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவீர்கள். மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்துக்கொண்டிருந்த புதிது. ஒருநாள் கேட்டீர்கள்: “கண்டக்டரண்ணே, ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’னு போட்டிருக்கே, கையி தலை சரி. புறம்னா எது?” வெளியே என்று சொன்னேன். “அப்ப நீட்டுறதுக்கு ரெண்டுதேன் இருக்கு. நான் மூணுன்னு நெனச்சு ஒடம்பைப் பூராத் தடவிப் பாத்துட்டேன்” என்றீர்கள். வண்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

பிறகு சபையில் உங்களைப் பார்த்தேன். கணவர் வழியில் வேதத்துக்கு வந்தவர், அவர் போன பிறகும் விடாமல் வருகிறவர் என்று சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்கால வேதபாட வகுப்பை அப்போது நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஆரப்பாளையத்தில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறை. பேருந்துகளின் ஒலிப்பான் சத்தம் ஓய்கிற இடைவெளியில்தான் வசனம் வாசிக்க முடியும்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன். நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய விளக்கவுரையும், முதுகு கிழிந்த அகராதியும்தான் எனக்கு ஆசிரியர்கள். யாரும் சொல்லிக்கொடுத்து நான் கற்றதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு. உவமை என்றால் எனக்கு ஒரே முறைதான். நோட்டில் நடுவே கோடு போடுவேன். இடப்பக்கம் கதையில் வருகிற பொருள், வலப்பக்கம் அதன் அர்த்தம், இரண்டுக்கும் நடுவில் சமன் குறி. விதை என்றால் வசனம். பறவை என்றால் சாத்தான். முள் என்றால் உலகக் கவலை. கோடு போட்டு முடித்தால் பாடம் முடிந்தது.

நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இடப்பக்கத்திலேயே நின்றுவிடுவீர்கள். “அர்த்தம் கெடக்கட்டும்ணே. மொதல்ல அந்த வயக்காட்டுல என்ன நடந்துச்சுன்னு பாப்போம்” என்பீர்கள். விதைக்கிறவன் உவமையில் நாங்கள் எல்லாம் நாலு வகை நிலத்தையும் நாலு வகை மனிதர்களாகப் பிரித்து முடித்துவிட்டோம். நீங்கள் மட்டும் விதைக்கிறவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாதையிலும் பாறையிலும் முள்ளுக்குள்ளும் போய் விழுகிறது என்றால் அவன் எண்ணி எண்ணிப் போடுகிறவன் இல்லை, கை நிறைய அள்ளி வீசுகிறவன் என்றீர்கள். “பெரிய கையிணே அவருக்கு.” என் விளக்கவுரையில் அது இல்லை. அதனால் அன்று நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

நீங்கள் மெதுவாகப் படித்ததுதான் காரணம் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. நாங்கள் ஒரே மூச்சில் ஒரு பத்தியைக் கடந்துவிடுவோம். நீங்கள் ஒரு சொல்லுக்கு மேல் விரலை வைத்தால், அந்தச் சொல் முழுதாக உங்களுக்குள் இறங்கும்வரை விரல் நகராது. வகுப்புக்கு வந்து உட்காரும் சபை மூப்பர் கடிகாரத்தைப் பார்ப்பார். நானும் பார்த்திருக்கிறேன்.

இனி எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது நடந்தது. எஸ்தர் நம் சபைப் பிள்ளை. தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தாள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டார். தகப்பனும் நோயில் கிடந்து இறந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. அடுத்த வீட்டில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அவர்களுக்குள் அவர்கள் மொழியைப் பேசிக்கொள்கிற, நமக்கு அதிகம் பழக்கமில்லாத குடும்பம். அந்த வீட்டுப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டாள். கோயிலுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கும் வந்து கதவோரம் உட்காருவாள்.

வேதத்துக்கு வெளியே கல்யாணம் செய்தவள் என்று, நற்கருணை வாங்குகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று மூப்பர் பிடிவாதமாக இருந்தார். ஞாயிறு கமிட்டியில் அது முடிவாக வேண்டும். அதற்கு முந்தின வாரம் மூப்பர் என்னிடம் வந்து, சனிக்கிழமைப் பாடத்தை அதற்குத் தோதாக எடுக்கச் சொன்னார். களை உவமையை எடுத்துக்கொண்டால் ஜனங்களுக்கு நியாயம் புரியும் என்றார். நான் சரி என்றேன். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை; எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. இதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மதிப்பில்லை.

அன்றைக்கு நோட்டில் கோடு போட்டுத்தான் வந்திருந்தேன். நிலம், சமன் குறி, சபை. கோதுமை, சமன் குறி, விசுவாசிகள். களை, சமன் குறி, உள்ளே புகுந்த கலப்பு. களையைக் கண்டவுடன் பிடுங்காவிட்டால் பயிர் வீணாகிவிடும் என்று ஆரம்பித்தேன். வேதத்தில் எஜமான், பிடுங்கினால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்புவரை விடுங்கள் என்றுதானே சொல்கிறார் என்று யாராவது கேட்டால், அது கடைசி நாளைப் பற்றியது, சபை ஒழுங்கைப் பற்றியது அல்ல என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். கதவோரம் எஸ்தர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. வயலை நான் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்த அறையில் களை பிடுங்கியவர் நீங்கள் ஒருவர்தான். “சாமுவேல் அம்மாவுக்குத் தெரியாததா? களையை விட்டுவைப்பாங்களா, நீங்களே சொல்லுங்க” என்று உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் ஆமாம் என்பீர்கள் என்று நினைத்தேன். அதுதான் என் தப்பு.

நீங்கள் விரலை எடுக்காமலே கேட்டீர்கள்: “கோதுமைப் பயிரு எப்படிண்ணே இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. மூப்பருக்கும் தெரியவில்லை. கோதுமை என்றால் எங்களுக்கு ரேஷன் கடை மூட்டைதான். அந்த அறையில் ஒருவரும் கோதுமைப் பயிரைக் கண்ணால் பார்த்ததில்லை. நெல்லுக்குக் குதிரைவாலிப் புல் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்வோம் என்றீர்கள் நீங்கள். இளசில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் இலை பிரிகிற இடத்தில் நெல்லுக்குச் சின்னதாக முடி இருக்கும், குதிரைவாலிக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கும், குனிந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும் என்று விரல் கணுவைத் தொட்டுக் காட்டினீர்கள். எல்லோரும் அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு சொன்னீர்கள்: “அண்ணே, நீங்க ஒரு வார்த்தைய விட்டுட்டுப் படிச்சிட்டீக.”

எதை என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான்.

“கதிர்விட்டபோதுன்னு போட்டிருக்கு. அப்பதேன் அந்த வேலைக்காரங்க வந்து, புடுங்கவான்னு கேக்குறாக. களை எடுக்குறதுக்குன்னு நாளு இருக்குண்ணே. நட்டு இருவது நாளு, அம்புட்டுதேன். அதுக்குள்ள எறங்கிக் குனிஞ்சு, கணுவைப் பாத்து எடுக்கணும். கதிர் வாங்கின பெறகு வயலுக்குள்ள எவனும் எறங்க மாட்டான். அது சூல் கொண்ட பயிரு. எறங்குனா பூ உதிரும், பாலு பிடிக்காது, பதராப் போகும். களைய எடுத்தேன்னு கரையேறிப் பாத்தா மிதிபட்டுக் கெடக்குறது நெல்லு.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூப்பர் ஏளனமாகச் சிரித்தார். “அப்ப களையே எடுக்க வேணாங்குறீக. ஊரு பூரா களையா முளைக்கட்டும், அப்படித்தானே?”

“நான் எடுத்த களையில காவாசிய நீங்க எடுத்திருந்தா இந்நேரம் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருப்பீக, மூப்பரே” என்றீர்கள். குரல் உயரவில்லை. “எடுக்க வேணாம்னு சொல்லல. எடுக்க வேண்டிய நாள்ல எங்க போயிருந்தீகன்னு கேக்குறேன். ஆளுக தூங்கையிலதேன் பகையாளி வந்து களைய வெதைச்சிட்டுப் போனான்னு இருக்கு. இந்தப் புள்ள அப்பன் மூணு மாசம் படுக்கையில கெடந்தாரு. நம்ம ஆளுக எத்தனை பேரு அந்தப் படியேறுனோம்? தெனமும் ரசமும் சோறும் கொண்டாந்து குடுத்தது அந்தப் பக்கத்து வீட்டம்மா. தூங்குனது நாம. இப்ப முழிச்சு வந்து அருவாளக் கேக்குறோம்.”

நான் என் நோட்டைப் பார்த்தேன். நிலம் என்றால் சபை என்று எழுதியிருந்தேன். அந்த உவமைக்கு இயேசுவே பின்னால் விளக்கம் சொல்கிறாரே, அதைத் திருப்பிப் பார்த்தேன். நிலம் என்றால் உலகம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அத்தனை நாள் படித்தும் அதை நான் கவனிக்கவில்லை. என் சமன் குறி முதல் வரியிலேயே தப்பு.

அப்போதிருந்த போதகர் அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் கமிட்டியில் அந்த விஷயம் எடுக்கப்படாது என்று மட்டும் சொல்லி, ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். பிறகு என்றைக்கும் அது எடுக்கப்படவில்லை. எஸ்தர் எழுந்து போகும்போது உங்கள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம் என்று எங்களுக்கெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்னமே தெரியுமா, அல்லது சூல் என்ற சொல் பயிரிலிருந்து தானாக வந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைதான் இப்போது பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறாள்.

அன்று வீட்டுக்குப் போய், நான் வழக்கமாக எழுதுகிற வகுப்புக் குறிப்பேட்டில் நீங்கள் சொன்னது முழுவதையும் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல பக்கம். ஒரு சொல்லையும் நான் சீர்செய்யவில்லை. ‘எறங்க’ என்பதை ‘இறங்க’ என்று மாற்றியதோடு சரி. இரண்டு நாள் கழித்து நீங்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். “எம்பேச்சு எழுத்துல எப்படி இருக்குன்னு பாக்கணும்ணே” என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, “நல்லா எழுதியிருக்கீக. ஒரு எடந்தேன் விட்டுப்போயிருந்துச்சு” என்றீர்கள்.

நான் எழுதியதில் விட்டுப்போனதா? எனக்குச் சுருக்கென்றது. எந்த இடம் என்று கேட்கவில்லை. கேட்டால் திருத்த வேண்டி வரும். நோட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலையிலேயே புத்தகத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டுக்கொண்டு சபை அலுவலகத்துக்குப் போனேன். இப்போது இருக்கிற போதகர் இளவயது. மரியாதையானவர். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் தண்ணீர் குடிக்கவில்லை. இது யார் சொன்னது தெரியுமா, அந்த அம்மா வேதத்தை விரல் வைத்துப் படித்ததைப் பார்த்தவன் நான், யாரைக் கேட்டு எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று போட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது.

அவர் அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே நகலெடுத்த தாள்கள். என் கையெழுத்து. போன வருஷம் புத்தகம் போட என்று பழைய குறிப்பேடுகளைக் கேட்டபோது நானே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, நகலெடுத்ததும் வாங்கி வந்தவைதான். அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

‘முன்பு வயல் வேலை செய்த ஓர் அம்மா சொன்னார்’ என்று எழுதியிருந்தேன்.

“நீங்க எழுதுனதத்தான் ஐயா நாங்க போட்டோம்” என்றார் போதகர். “பேரு இல்ல. யாரோ கிராமத்துல இருந்து வந்த வயசானவங்கன்னு கமிட்டியில நெனச்சுட்டாங்க.”

“எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நான் எழுதலையே?”

“வயல் வேலைன்னு இருந்துச்சா... அதான்.”

அதான். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. பெயர் இல்லாத இடத்தை அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். வயல் வேலை, சமன் குறி, எழுத்தறியாதவர். கோடு போட்ட கை என்னுடையது இல்லை, ஆனால் முறை என்னுடையது.

நான் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. அங்கேயே சொன்னேன்: “நான் பேரை விட்டேன். நீங்க இல்லாதத சேத்தீங்க. என் தப்பு என்னோட, உங்க தப்பு உங்களோட. ஒண்ணக் காட்டி ஒண்ண அழிக்க முடியாது.” பிறகுதான் தண்ணீரைக் குடித்தேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஏன் எழுதவில்லை? ஞாபகம் இல்லாமலா? எனக்கு உங்கள் பெயரே தெரியாது, சாமுவேல் அம்மா. அத்தனை வருஷம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தும் தெரியாது. நம் சபையில் அதுதானே வழக்கம். ஆண்களுக்குப் பெயர், பெண்களுக்குப் பிள்ளையின் பெயர். வருகைப் பதிவில்கூட ‘சா. அம்மா’ என்றுதான் போட்டிருக்கிறேன். உங்களை மருத்துவமனையில் கடைசியாகப் பார்க்க வந்தபோது, கட்டிலில் தொங்கிய அட்டையைக் காட்டி நீங்களே சிரித்தீர்கள்: “எனக்கு மூணு பேருண்ணே. எங்கப்பன் வச்சது ஒண்ணு, ஞானஸ்நானத்துல வச்சது ஒண்ணு, சாமுவேலு வச்சது ஒண்ணு. மூணாவதுதேன் எல்லாத்துக்கும் தெரியுது.” நானும் சிரித்தேன். அப்போதுகூட மற்ற இரண்டும் என்ன என்று கேட்கவில்லை. அட்டையில் இருந்ததைக் குனிந்து படிக்கவும் இல்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். கொண்டுவந்திருந்தேன்.

நீங்களும் என்னைக் கண்டக்டரண்ணே என்பதைத் தவிர வேறெதுவும் கூப்பிட்டதில்லை. ஆனால் என் பெயர் வகுப்புப் பலகையில் இருந்தது. புத்தகத்தின் முன்னுரையிலும் நன்றி சொல்லிப் போட்டிருக்கிறார்கள். அது சமமாகாது.

வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். நகலை நம்பாமல் மூலத்தைப் பார்ப்பது என் வழக்கம். அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். ‘ஓர் அம்மா’ என்ற இடத்துக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் ஏதோ இருந்தது. மங்கல். ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி எழுதியது. ஒரு பெயர். அதை ஒட்டியே இன்னொரு பெயர். உங்கள் அப்பா வைத்ததையும் ஞானஸ்நானத்தில் வைத்ததையும் இடையில் கோடு எதுவும் போடாமல் சேர்த்து எழுதியிருந்தீர்கள். இரண்டாவது பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது.

விட்டுப்போன அந்த ஓர் இடத்தை நீங்கள் அன்றைக்கே நிரப்பிவிட்டீர்கள். நான்தான் பத்து வருஷத்துக்கு மேலாகத் திறந்து பார்க்கவில்லை. நகல் எடுத்த இயந்திரத்துக்கும் அந்தப் பென்சில் தெரியவில்லை.

அந்தப் பெயரை இந்த மடலில் நான் எழுதப் போவதில்லை. அச்சில் வர வேண்டிய இடத்தில் முதலில் வரட்டும். என் கையெழுத்தில் முந்திக்கொண்டு வர வேண்டியதில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கிப்போனது அந்த விரல்தான். இப்போது நானும் விரல் வைத்துத்தான் படிக்கிறேன். கண் மங்கியதால் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு அதிகாரம் முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. பழைய நோட்டுகளில் என் சமன் குறிகளைப் பார்க்கும்போதெல்லாம், வேகமாக ஓடிய வண்டி நிறுத்தங்களில் நிற்காமல் போனதுபோல இருக்கிறது. ஆட்கள் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

கதிர் வாங்கின வயலுக்குள் இறங்காதே என்று சொன்னவர் நீங்கள். அதனால் இந்தச் சண்டை வேண்டாம் என்று சாமுவேல் தொலைபேசியில் சொன்னான். அம்மா இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள் மாமா என்றான். அவனுக்கு நீங்கள் சொன்னதில் பாதிதான் தெரிகிறது. களையெடுக்க நாள் உண்டு என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். நட்டு இருபது நாள். இந்தப் புத்தகம் கைக்கு வந்து இன்றைக்கு ஆறு நாள்தான் ஆகிறது. ஆகவே செய்ய வேண்டியவற்றையும் செய்ய வேண்டியவர்களையும் எழுதி, இதன் பிரதியை அலுவலகத்திலும் கொடுக்கப் போகிறேன்.

போதகர் ஒரு திருத்தச் சீட்டு அச்சடிக்க வேண்டும். ‘எழுதப் படிக்கத் தெரியாத’ என்பது போக வேண்டும், ‘கிராமத்து மூதாட்டி’ என்பது போக வேண்டும், அந்த இடத்தில் பெயர் வர வேண்டும். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு ஆகாது.

புத்தகக் கமிட்டியில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற பிரதிகளில் அந்தச் சீட்டைத் தங்கள் கையால் ஒட்ட வேண்டும். வாலிபர்களிடம் தள்ளிவிடக் கூடாது. ஏற்கெனவே வாங்கிப் போனவர்களின் வீட்டுப் படியேறிக் கொடுக்க வேண்டும்.

மூப்பருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நடக்க முடியவில்லை, ஆனால் குரல் இருக்கிறது. அன்றைக்குச் சிரித்தவர் அவர்தான் என்பதால், ஞாயிறு ஆராதனையில் அந்தத் திருத்தத்தை வாசிக்க வேண்டியவரும் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்தே வாசிக்கட்டும்.

எஸ்தர் அன்றைக்கு அங்கே இருந்தவள். சொன்னது நீங்கள்தான் என்று அவள் சாட்சி சொல்ல வேண்டும். கேட்டுவிட்டேன், சரி என்றாள். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தன் மகள் வருவாள் என்றும் சொன்னாள்.

உங்கள் பெயரைச் சாமுவேல் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் விட்டுப்போன அந்தத் துணைக்காலை அவன் சேர்க்கக் கூடாது. நீங்கள் எழுதியபடியே அச்சாக வேண்டும். ஊரெல்லாம் எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தியவன் நான், அதை நான் திருத்த மாட்டேன்.

கடைசியாக என் வேலை. இன்று சனிக்கிழமை. சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தைப் பிரித்து, ‘ஓர் அம்மா’ என்று எழுதினவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். நோட்டில் அந்தச் சொல்லை நான் அடிக்கப் போவதில்லை. அது கதிர் வாங்கிவிட்டது. அது பாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்திலேயே உங்கள் பென்சிலும் இருக்கட்டும்.

புத்தகம் அப்படி இல்லை. அதற்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.